ஓரங்கட்டுமுன் டிரைவரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

புதுச்சேரி, கடலூர் பகுதி பாலிடெக்னிக் ஆய்வகங்களிலும் சிறு தொழிற்கூடங்களிலும், கணினியோடு இணையாத ஆசிலோஸ்கோப்பையும் (மின் அலைவடிவம் காட்டும் கருவி) மல்டிமீட்டரையும் பழுது என்று அலமாரியில் பூட்டிவிடக் கூடாது. கருவி நன்றாகவே இருக்கலாம்; குறை கேபிளிலோ, கருவியைக் கணினியோடு பேச வைக்கும் டிரைவர் என்ற மென்பொருளிலோ இருக்கலாம்.

முதலில் கேபிளை மாற்றுங்கள். சில சார்ஜர் கேபிள்களில் தரவுக் கம்பியே கிடையாது. செருகினாலும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் (இணைந்த கருவிகளின் பட்டியல்) எதுவும் அசையாது. அங்கே கோட் 43 என்ற பிழை எண் வந்தாலும் முதல் சந்தேகம் கேபிள், போர்ட் மீதுதான். நம் கடற்கரை உப்புக்காற்றில் போர்ட் பின்கள் களிம்பேறும். கோட் 28 என்றால் டிரைவரே இல்லை.

அப்போது டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியின் பிராப்பர்ட்டீஸில் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். யுஎஸ்பியை சீரியல் இணைப்பாக மாற்றும் சிப் எது என்பதை அதிலுள்ள விஐடி (தயாரிப்பாளர் எண்) சொல்லும். விஐடி 0403 என்றால் எஃப்டிடிஐ, 1ஏ86 என்றால் சிஎச்340 வகை, 067பி என்றால் ப்ரொலிஃபிக். அந்தந்தச் சிப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டுமே டிரைவரை இறக்குங்கள். ப்ரொலிஃபிக்கின் பழைய சிப்களையும் போலிகளையும் புதிய டிரைவர் ஏற்காது, கோட் 10 காட்டும். பழைய டிரைவரைத் தேடி அலைவதைவிட வேறு சிப் உள்ள யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் கேபிள் வாங்குவதே மேல்.

ஆசிலோஸ்கோப் பலவும் யுஎஸ்பிடிஎம்சி (அளவீட்டுக் கருவிகளுக்கான யுஎஸ்பி முறை) வகை. அவற்றுக்கு, சீரியல் இணைப்புக்குக் கணினி தரும் காம் போர்ட் எண் வராது, தேட வேண்டாம். அளவீட்டுக் கருவிகளோடு கணினி பேச உதவும் விசா (VISA) மென்பொருளை நிறுவிய பிறகு கேபிளைச் செருகுங்கள்.

அளவீட்டின் நடுவே இணைப்பு அறுந்தால், பவர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை (மின்சாரம் மிச்சப்படுத்த யுஎஸ்பி கருவியை உறங்க வைக்கும் வசதி) நிறுத்திப் பாருங்கள்.

கருவியோடு வரும் டிரைவர் குறுந்தகடு எளிதில் தொலைந்துவிடும். ஆகவே சிப் பெயரையும் டிரைவர் பதிப்பையும் கருவியின் முதுகிலேயே எழுதி ஒட்டும்படி ஆய்வகப் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மின்னணுக் கருவிப் பராமரிப்பாளர்கள்,
சேதராப்பட்டு, புதுச்சேரி.