மிச்சத்துணியில் ஒரு தேடும் பை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி மெஷினில் உட்கார்ந்துவிட்டாய் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. பேத்திக்கு நாலு வயது ஆகப்போகிறது, மிச்சத்துணி மூட்டையாகக் கிடக்கிறது, என்ன தைக்கலாம் என்று கேட்டிருந்தாய். யோசிக்கவே வேண்டாம், ஒரு தேடும் பை தைத்துக் கொடு. உள்ளங்கை அகலத்துக்குப் பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த துணிப்பை, அவ்வளவுதான். உள்ளே பிளாஸ்டிக் குருணை, அதில் புதைந்தபடி சின்னச் சின்னச் சாமான்கள். என் பேரன் நீலப் பொத்தானைத் தேடும்போது நீ பார்க்க வேண்டும். அதன் ஓரம் மட்டும் தெரியும், உடனே குருணைக்குள் போய்விடும், அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் மெல்ல மெல்லத் தள்ளி ஜன்னலுக்குக் கொண்டு வருவான்.

துணி 20 சென்டிமீட்டர் சதுரமாக ரெண்டு துண்டு இருந்தால் போதும், நெருக்கமான நெசவுள்ள பருத்தியாகப் பார்த்து எடு. ஒற்றைத் துண்டு அந்த அளவில் இல்லையென்றால் துண்டுகளை ஒட்டுப்போட்டுக்கொள், பார்க்க இன்னும் அழகாக இருக்கும். ஜன்னலுக்குக் கொஞ்சம் கனமான பிளாஸ்டிக் ஷீட் வேண்டும், மெல்லியது சீக்கிரம் கிழிந்துவிடும். அதில் குண்டூசி குத்தாதே, ஓட்டை விழுந்தால் விழுந்ததுதான், மூடாது. கிளிப் போட்டுப் பிடித்துக்கொள். தையலையும் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வை, பொடித்தையல் போட்டால் ஊசி போன வரியோடு ஷீட் கிழியும். மெஷின் பாதம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு நகராமல் அடம்பிடிக்கும், மேலே ஒரு மெல்லிய தாளை வைத்துத் தைத்துவிட்டு அப்புறம் கிழித்து எடுத்துவிடு. இஸ்திரி போடுவதை எல்லாம் ஜன்னல் வைப்பதற்கு முன்பே முடித்துவிடு.

சுற்றிலும் தைக்கும்போது ரெட்டைத் தையல் கட்டாயம், இதில் மட்டும் சோம்பல் வேண்டாம். குருணை போட நாலைந்து விரல் அகலத்துக்கு வாய் விட்டு, மூன்றில் ரெண்டு பங்கு மட்டும் நிரப்பு. நிறைய நிரப்பினால் உள்ளே ஒன்றும் நகராது, குழந்தைக்கு அலுத்துவிடும். அரிசி போடலாம் என்பார்கள், ஈரம் பட்டால் கெட்டுப்போகும், பூச்சி வேறு வரும், எனக்கு அதில் இஷ்டமில்லை.

என்ன சாமான் போடுவது என்பதில்தான் நீ நேரம் செலவழிக்க வேண்டும். பொம்மைச் சாமான் பாக்கெட்டாக வாங்கிப் போட்டாலும் குழந்தை தேடும்தான், ஆனால் அவள் சின்னதாகிப்போன கவுனின் பொத்தான், அவள் அப்பாவின் பழைய பெட்டிச் சாவி, உன் அறுந்த மாலையிலிருந்து ஒரு பாசிமணி என்று போட்டுப் பார், ஒவ்வொன்று கிடைக்கும்போதும் 'இது யாரோடது பாட்டி?' என்று கேட்டுக் கதை வாங்கிவிடுவாள். கூர்முனை, துருப்பிடிக்கும் இரும்பு வேண்டாம். காந்தமும் பொத்தான் பேட்டரியும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது, விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எல்லாவற்றையும் ஒரு தட்டில் பரப்பிப் படம் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு உள்ளே போடு, அந்தப் படத்தை அட்டையில் ஒட்டி நாடாவில் கட்டிவிட்டால் அதைப் பார்த்துப் பார்த்துத் தேடுவாள். வாயை மறைதையலால் மூடி, மேலே மெஷினிலும் ஓட்டிவிடு.

உன் சின்னவள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதே, அதன் கைக்கு இந்தப் பை எட்டக் கூடாது. 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு உருளை வைத்திருப்பார்கள், அதற்குள் அடங்கும் எந்தத் துண்டும் தொண்டையில் சிக்கும் என்று கணக்கு. நாம் பையில் போடுவதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். மாதம் ஒரு தரமாவது தையல் விட்டிருக்கிறதா என்று இழுத்துப் பார், விட்டிருந்தால் உடனே வாங்கி வைத்துவிடு.

மூட்டையில் என்னென்ன துணி இருக்கிறது என்று எழுது. ஜன்னல் ஷீட் என்னிடம் நிறைய இருக்கிறது, ரெண்டு பைக்கு வெட்டி அடுத்த கடிதத்தோடு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் தோழி