தெற்கு வேலியையாவது விட்டுவையுங்கள்

மதிப்பிற்குரிய குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நம் தோட்டத்தின் மேற்குப் பக்கத்து மருதாணி வேலியை வெட்டிவிட்டு ஏழடி மதில் எழுப்பிய கதை நம் எல்லோருக்கும் தெரியும். நேற்று தெற்கு வேலியின் ஓரத்திலும் சுண்ணாம்புக் கோடு கண்டேன். அந்த வேலியை வெட்டாதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

மதில் வந்தால் காற்று அடங்கும் என்றீர்கள். அடங்கவில்லை. முன்பு இலைகளுக்குள் புகுந்து தளர்ந்து வந்த காற்று, இப்போது மதிலில் மோதி மேலேறி இந்தப் பக்கம் சுழன்று விழுகிறது. விழுகிற இடம் எங்கள் அவரைப் பாத்தி. இந்தப் பருவத்தில் மூன்று முறை கொம்பு நட்டோம். மூன்று முறையும் கொடி கொம்போடு சாய்ந்தது. கடைசி முறை பூ விட்டிருந்தது. பாத்தியைப் பார்த்துக்கொண்ட பெரியவர் முறிந்த தண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்டிப் பார்த்தார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு போனவர், தோட்டத்துக்குத் திரும்பவே இல்லை.

காற்றில் ஏறக்குறையப் பாதியை ஊடே விடும் தடுப்புதான் செடிகளுக்கு நல்லது. அதன் காப்பு, தன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரைகூட எட்டும். சரிவில் மண்ணைத் தாங்க மதில் கட்டுங்கள், நானே கல் சுமக்கிறேன். தோட்டத்துக்குக் காற்றுத் தடுப்பாக வேலி போதும்.

வேலியின் அடியில் ஓட்டை விழுந்து நாய் நுழைகிறது என்பது உங்கள் புகார். உண்மைதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் தலையை அகலமாக விட்டு அடியை ஒட்ட வெட்டியது யார்? அடி அகன்றும் தலை ஒடுங்கியும் கவாத்து செய்திருந்தால் கீழ் இலைகளுக்கும் வெயில் கிடைத்து வேலி அடர்ந்திருக்கும். இங்கே பராமரிப்பு கேட்கும் எதற்கும் சிமென்ட்தான் பதில். மரத்தடிகளுக்கும் பூசினீர்கள், இன்று மழைநீர் வேருக்கு இறங்க வழியில்லை.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: தெற்கு வேலியை வெட்டாதீர்கள். ஓட்டைகளில் இப்போதைக்குக் கம்பிவலை கட்டுவோம். மழை தொடங்கியதும் அங்கே மருதாணிப் போத்து நடுகிறேன். கவாத்துப் பொறுப்பையும் நானே ஏற்கிறேன். வேலையாட்கள் வருவதற்குள் அந்தச் சுண்ணாம்புக் கோட்டை அழிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தோட்டத்தை ஒட்டிய வீட்டில் வசிக்கும் உறுப்பினர்