மறுநிரப்பல் வகுப்பில் ஈயத்துக்கும் ஒரு பாடம் வேண்டும்: துப்பாக்கி சுடும் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

துப்பாக்கி சுடும் சங்கங்களின் நிர்வாகக் குழுவினருக்கும், தோட்டா மறுநிரப்பல், அதாவது சுட்டபின் மிஞ்சும் காலி உறையில் மீண்டும் வெடிமருந்தும் குண்டும் இட்டு நிரப்பும் வேலை, கற்றுத்தரும் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

ஒரே உறையில் வெடிமருந்தை இருமுறை கொட்டிவிடுவதால் நேரும் விபத்தைப் பற்றியும், குழலுக்குள் சிக்கிய குண்டை அறியாமல் அடுத்த தோட்டாவைச் சுடுவதால் நேரும் விபத்தைப் பற்றியும் உங்கள் வகுப்புகளில் மிக அழுத்தமாகச் சொல்லித்தருகிறீர்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஈயம் என்று வரும்போது, வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொள்ளுங்கள் என்ற ஒற்றை வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த ஒற்றை வரியை ஒரு முழுப் பாடமாக விரிக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். நானும் வீட்டில் தோட்டா நிரப்புகிறவன்தான். இந்தக் கலையை யாரும் கைவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை.

உறையின் விளிம்பில் அடித்துச் சுடும் .22 ரிம்ஃபயர் தோட்டாவையும் காற்றுத் துப்பாக்கியையும் மட்டும் பயன்படுத்துவோருக்கு மறுநிரப்பல் தேவைப்படுவதில்லை. 300 மீட்டர் ரைஃபிள், 25 மீட்டர் சென்டர்ஃபயர் (உறையடியின் நடுவில் அடித்துச் சுடும் வகை) பிஸ்டல், நெடுந்தொலைவுப் போட்டிகள், நடைமுறைச் சுடுதல் ஆகியவற்றில் இறங்குவோரே பெரும்பாலும் இதற்கு வருகிறார்கள். தம் துப்பாக்கிக்கு ஒத்துவரும் மருந்தின் அளவைக் கண்டுபிடித்து, ஒரு கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 6.5 மில்லிகிராம்கூடப் பிசகாமல் நிறுத்துப் போடுகிற பொறுமைசாலிகள் இவர்கள். இவ்வளவு கறாரானவர்கள், அதே மேசையில் படியும் தூசியை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

ஈயத்தின் மேல் செம்பு உறையிட்ட குண்டுகளையே பயன்படுத்துகிறோம், எங்களுக்கு ஏது ஈயம் என்று பலர் கேட்கிறார்கள். தோட்டா உறையின் அடியில் பொருத்தி, வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு கிண்ணமே பிரைமர். வழக்கமான பிரைமரில் ஈய ஸ்டிஃப்னேட்டே தீப்பற்ற வைக்கும் பொருள். பேரியம் நைட்ரேட்டும் ஆன்டிமனி சல்ஃபைடும் அதோடு சேர்ந்திருக்கும். குண்டு எதனால் ஆனதாக இருந்தாலும், ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்த ஈயத்தில் ஒரு பகுதி நுண்துகளாகக் காற்றில் கலக்கிறது. இன்னொரு பகுதி கரிப்படலத்தோடு உறையின் உட்புறத்திலும் பிரைமர் குழியிலும் ஒட்டிக்கொள்கிறது. மேலும், செம்பு உறையிட்ட குண்டுகளிலேயே பலவற்றுக்கு அடிப்பகுதி மூடப்பட்டிருப்பதில்லை. அந்த இடத்தில் உள்ளிருக்கும் ஈயம் நேராகவே சூடான வாயுவில் படுகிறது.

உறையில் ஒட்டிய அந்தக் கரி வீட்டுக்குள் எப்படிப் பரவுகிறது என்பதை வகுப்பிலேயே செய்து காட்டலாம். காலி உறைகளைச் சோளத்தக்கைத் துருவலோடு போட்டு எந்திரத்தில் சில மணி நேரம் அதிரவிட்டால் பித்தளை பளபளவென்று வந்துவிடும். கரியெல்லாம் துருவலுக்குப் போய்விடும். எந்திரத்தின் மூடியைத் திறந்து, உறைகளைச் சல்லடையில் கொட்டிக் குலுக்கும்போது சாம்பல் நிறத் தூசி ஒன்று மேலெழும்பும். சன்னலோர வெயிலில் அது கண்ணுக்கே தெரியும். மறுநிரப்பல் வேலையில் ஈயம் மிகுதியாக மூச்சில் ஏறும் கட்டம் இதுவே என்பது என் கணிப்பு. இதை வீட்டுக்கு வெளியே, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, தகுந்த முகக்கவசத்தோடு செய்ய வேண்டும். அல்லது எஃகு ஊசிகளும் தண்ணீரும் கொண்டு ஈரமாகத் துலக்கும் முறைக்கு மாறிவிடலாம். ஈரமுறையில் தூசி எழாது என்றாலும், அந்தக் கறுப்புத் தண்ணீரை அடுக்களைத் தொட்டியில் ஊற்றினால் பயனில்லை.

நம் உடம்பைவிட வீட்டிலுள்ள பிள்ளைகளை நினைத்தே நான் இதை வற்புறுத்துகிறேன். உடம்பு ஈயத்தைக் கால்சியம் என்று எண்ணி எலும்பில் சேர்த்துவைக்கிறது. இரத்தத்தில் உள்ள ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்தாலும், எலும்பில் சேர்ந்தது பல்லாண்டுகள் தங்கிவிடும். கருவுற்ற காலத்தில் அது மீண்டும் இரத்தத்துக்கு வரக்கூடும். தீங்கு செய்யாத ஈய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021இல் குழந்தைகளின் இரத்த ஈயத்துக்கான குறிப்பளவை டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. அதே நாட்டில் 1978இல் வகுத்த தொழிற்சாலை விதியோ, ஒற்றைச் சோதனையை வைத்துத் தொழிலாளியை வேலையிலிருந்து விலக்குவதென்றால் அது 60 மைக்ரோகிராமை எட்டியிருக்க வேண்டும் என்கிறது. பழைய வரம்பை வைத்துக்கொண்டு எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லும் உறுப்பினரிடம் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

சுடுதளத்திலும் சில வழக்கங்கள் மாற வேண்டும். போட்டி முடிந்ததும் தரையில் கிடக்கும் உறைகளைப் பொறுக்கிவரச் சிறுவர்களை அனுப்புகிறோம். அவர்கள் அவற்றைத் தொப்பியில் நிரப்பிக்கொண்டு வந்து, கொட்டிய கையோடு தொப்பியைத் தலையில் வைத்துக்கொள்கிறார்கள். இதை உடனே நிறுத்துங்கள். உள்ளரங்கச் சுடுதளத்தை விளக்குமாற்றால் பெருக்குவதும் கூடாது. நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி பொருத்திய தூசி உறிஞ்சியோ ஈரத்துடைப்போ வேண்டும். காற்று சுடுவோரின் முதுகுப்புறத்திலிருந்து இலக்கை நோக்கிச் சீராகப் போக வேண்டும். உண்ணும் இடத்துக்குப் போகும் வழியிலேயே கை கழுவும் இடமும் அமைய வேண்டும். போட்டி உடையைக் குடும்பத்தாரின் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

ஈயமற்ற பிரைமர்களைக் கட்டாயமாக்குங்கள் என்று கேட்கத் தோன்றும். நான் கேட்கவில்லை. அவை மருந்தைப் பற்றவைக்கும் விதம் மாறுபடுவதால் குண்டின் வேகம் சீராக அமைவதில்லை என்று போட்டியாளர்கள் சொல்வதில் பொருளிருக்கிறது. பயிற்சிக்கு அவற்றைப் பயன்படுத்திப் பார்க்க விரும்புவோரை ஊக்குவித்தால் இப்போதைக்குப் போதும்.

ஆண்டுக்கு ஒருமுறை இரத்தத்தில் ஈய அளவைச் சோதித்துக்கொள்ளும்படி உறுப்பினர்களுக்குப் பரிந்துரை செய்யுங்கள். அதை உறுப்பினர் தகுதியோடு முடிச்சுப் போடாதீர்கள். போட்டால் அஞ்சி மறைப்பவர்களே பெருகுவார்கள். சோதனை முடிவு அவரவரிடமே இருக்கட்டும். அடுத்த மறுநிரப்பல் வகுப்புக்கான பாடத்திட்டத்தை உறுதிசெய்வதற்கு முன் இக்கோரிக்கைகளைக் குழுக் கூட்டத்தில் எடுத்துக்கொண்டு, முடிவை உறுப்பினர்களுக்கு எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டில் தோட்டா நிரப்பும் ஓர் உறுப்பினர்