மினா விட்டது மேடையை மட்டுமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் நாளிதழின் ஞாயிறு பக்கத்தில் வந்த இசைக் குறிப்பொன்றில், இத்தாலியப் பாடகி மினா 1978இல் பாடுவதை நிறுத்திவிட்டதாக எழுதப்பட்டிருந்தது. அது சரியன்று. அவ்வாண்டு ஆகஸ்ட் 23ஆம் தேதி துஸ்கனிக் கடற்கரையில் நடந்த கச்சேரியே அவருடைய கடைசி மேடை என்பது உண்மை. ஆனால் அதன் பிறகும் அவர் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் இருந்துகொண்டு, ஏறக்குறைய ஆண்டுக்கு ஒன்றாகப் பல்லாண்டுகள் இசைத்தொகுப்புகளை வெளியிட்டுவந்தார்.

1980களில் நான் சிங்கப்பூரின் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை செய்தபோது, பழுதுபார்க்க வந்த கப்பலின் இத்தாலிய ஊழியர் ஒருவர் எனக்கு ஓர் ஒலிநாடாவைக் கொடுத்தார். உறையில் படமில்லை, நீலப் பேனாவால் எழுதிய MINA என்ற நான்கு எழுத்துகள் மட்டுமே இருந்தன. இவர் முகத்தைக் காட்டுவதில்லை, குரல் மட்டுமே வரும் என்று அவர் காதைத் தொட்டுச் சைகையில் விளக்கியபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. சுசீலா அம்மாவையும் ஜானகி அம்மாவையும் வானொலியில் கேட்டே வளர்ந்த நமக்கு அது புதிதா என்ன? ஒரு வேறுபாடு உண்டு. நம் பின்னணிப் பாடகியரின் முகத்தை யாரும் தேடவில்லை. மினாவின் முகமோ இத்தாலிய வீடுகளில் தொலைக்காட்சி வழியே நன்கு பழகிய முகம்.

அந்தத் தொலைக்காட்சியே அவரை ஒதுக்கியும் வைத்தது. மணமுறிவுக்கு அன்று சட்டமே இல்லாத இத்தாலியில், மனைவியைப் பிரிந்திருந்த நடிகர் ஒருவருடன் வாழ்ந்து 1963இல் தாயானதே அவர் செய்த குற்றம். மக்கள் விடவில்லை, அடுத்த ஆண்டே தொலைக்காட்சிக்குத் திரும்பினார். அன்று பிறந்த மகன் மாசிமிலியானோ பிற்காலத்தில் தாயின் பாடல்களுக்கே தயாரிப்பாளரானார்.

அந்த ஒலிநாடாவில் நான் தேய்த்தெடுத்த பாட்டு, 1966இல் இத்தாலியத் திரைப்பட இசையமைப்பாளர் என்னியோ மோரிகோனே இசையமைத்த 'செ தெலெஃபொனாந்தோ'. பல்லவியின் தொடக்கத்தில் மூன்றே சுரங்கள் நாலு எண்ணிக்கைத் தாளத்தின் மேல் சுற்றிச் சுற்றி வருவதால், அழுத்தம் ஒவ்வொரு முறையும் வேறொரு சுரத்தில் போய் விழும். மிருதங்கம் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும். ஆனால் சுருதி ஏறிக்கொண்டே போகும்போது சிறிதும் திணறாத அந்தக் குரலைக் கணக்கில் அடக்க முடியாது.

மேடையை விட்ட பிறகு, தொகுப்புகளின் உறைகளில்கூடத் தம் முகத்தோடு அவர் விளையாடினார். 1981இல் வந்த 'சலோமே' உறையில் அவருக்குத் தாடியே இருக்கும்!

ஆகவே, அந்த ஒரு வரியைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கூடவே படம் போட இடமிருந்தால், குறிப்புடன் அச்சிட்ட பழைய படத்தை விட்டுவிட்டு, அந்தத் தாடிப் படத்தையே போடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பட்டறை ஊழியர்,
ஈசூன்