டப்பாக்களைத் திருப்பித் தரும் முன் ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். தனுஷ்கோடி நாவல் ஒருவழியாக அச்சுக்குப் போய்விட்டது. புத்தகத்தில் நன்றி சொல்ல அரைப் பக்கம்தான் கிடைத்தது. உங்களை எல்லாம் அதில் நாலு வரிக்குள் அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியவில்லை.

முதலில் அத்தைக்கு. மிக்ஸி, குக்கர் கையேடுகளை மொழிபெயர்த்துக் கொடுப்பதில்தான் எனக்கு வருமானம். நாவல் எல்லாம் அதற்கு அப்புறம். இரண்டுமே வீட்டில் உட்கார்ந்து செய்வது. வீட்டில் இருக்கிறவள் சும்மா இருக்கிறவள் என்பது தெருவின் தீர்ப்பு. யார் வந்து கூப்பிட்டாலும், "அவ வேலையா இருக்கா, எங்கிட்ட சொல்லுங்க" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவீர்கள். நான் எழுதுவதில் ஒரு பக்கம்கூட நீங்கள் படித்ததில்லை. ஆனாலும் அதை 'வேலை' என்று முதலில் சொன்னது நீங்கள்தான்.

ராமேஸ்வரத்துப் பெரியவர்களுக்கு. 2023இல் நான்கு முறை வந்தேன். பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோயிருந்த சமயம் அது. மாட்டுத்தாவணியில் விடியற்காலை பஸ் ஏறினால் வீடு திரும்ப நள்ளிரவாகிவிடும். 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர் ரயிலைப் புயலில் கடல் கொண்டுபோன கதையைத்தான் உங்களிடம் எல்லோரும் கேட்கிறார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். நீங்களோ தலைமன்னார் கப்பலுக்குக் காத்திருந்த கூட்டம், போஸ்டாபீஸ், கருவாடு காயவைத்த மணல் என்று பேசிக்கொண்டே போனீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று நான் குறுக்கே குறுக்கே புயலுக்கு இழுத்தேன். மூன்றாவது தடவையோ என்னவோ, ஒரு தாத்தா என் கையைத் தட்டி, "புயல் ஒரு ராத்திரிதானம்மா. ஊரு அதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் இருந்துச்சு!" என்றார். ஊருக்கு வந்து முதல் எட்டு அத்தியாயங்களையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பித்தேன். இப்போது நாவலில் புயல் கடைசி முப்பது பக்கங்கள்தான்.

என் வீட்டுக்காரருக்கு: ஞாயிறுதோறும் மகளை நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவில் வைத்துக்கொண்டதற்கு. மாடியில் நான் எழுதிய பக்கங்களைவிடக் கீழே நீங்கள் இருவரும் படித்தது அதிகம்.

மகளுக்குச் சொல்லவேண்டியது நன்றி மட்டும் இல்லை. அச்சுக்கு முன் பிழை திருத்தித் தரவேண்டிய மெய்ப்பு வந்த வாரம், உன்னைப் பள்ளியிலிருந்து கூட்டிவரவேண்டும் என்பதையே மறந்து உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் கேட்டில் நின்றிருக்கிறாய். எதிர்வீட்டு அக்கா தற்செயலாக அந்தப் பக்கம் வந்து உன்னைக் கூட்டிவந்தார். வந்ததும் நீ, "பசிக்குதும்மா" என்றாய். அதற்கும் கத்தினேன். தப்பு என்னுடையது என்று தெரிந்ததால்தான் அவ்வளவு சத்தம். அன்றிரவு நீ அப்பத்தாவிடம் போய்ப் படுத்துக்கொண்டாய். கரையில் மணிக்கணக்காகப் பிள்ளைக்குக் காத்திருக்கும் ஓர் அம்மாவை நாவலில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த மெய்ப்பைத் திருத்த அப்புறம் இரண்டு நாள் கை வரவில்லை. மூன்றாம் நாள்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டுப் போனாய். அந்த இரண்டு 'சரி'க்கும் நன்றி.

கடைசியாக எதிர்வீட்டு அக்காவுக்கு. அன்று மகளுக்கு இட்லி கொடுத்து அனுப்பியது மட்டுமா, அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டுக் குழம்பில் பாதி உங்களுடையது. எழுதியவளுக்கு வருகிற பிரதிகளில் ஒன்று உங்களுக்கு, படிக்காவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் மூன்று எவர்சில்வர் டப்பாக்களும் இன்னும் என் அடுக்களையில்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். வெறும் டப்பாவாக இல்லை. ஒன்றில் அதிரசம், அத்தை சுட்டது. எனக்கு இன்னும் பாகு பதம் பிடிபடவில்லை.

அன்புடன்,
எதிர்வீட்டுக்காரி
மதுரை