எரியும் விளக்கும் ரேம் மீதான பழியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே அசெம்பிள் செய்த கணினி இயங்க மறுத்தால் என்ன செய்யலாம் என்று தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மதர்போர்டில் (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையில்) 'டிராம்' என்று குறிக்கப்பட்ட சிறு விளக்கு அணையாமல் எரிந்தால் ரேம் (தற்காலிக நினைவகம்) பழுது, உடனே மாற்றிவிடுங்கள் என்று அதில் ஒரே வரியில் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இயக்கியதும் கணினி தானே செய்யும் தொடக்கச் சோதனை எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைத்தான் அந்த விளக்கு சொல்கிறது. ஏன் நின்றது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

என் கணினியிலும் அதே விளக்குதான் எரிந்தது. இரண்டு ரேம்களையும் திருப்பிக் கொடுத்து, வேறு இரண்டை வாங்கிப் பொருத்திய பிறகும் அது அணையவில்லை. கடைசியில் பிராசஸரைக் கழற்றி, கைப்பேசி வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்து, அது அமரும் சாக்கெட்டைப் பார்த்தபோது, ஒரே சீராக மின்னிய ஊசிகளுக்கிடையே ஒன்று மட்டும் மங்கலாகத் தெரிந்தது, அது வளைந்திருந்தது. ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி இன்று பிராசஸருக்குள்ளேயே இருப்பதால், அங்கே ஓர் ஊசி சரியாகத் தொடாவிட்டாலும், பிராசஸரைக் குளிர்விக்கும் கூலரின் திருகுகளை ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இறுக்கிவிட்டாலும், பழி ரேம் மீதுதான் விழுகிறது. திருப்பிக் கொடுத்த அந்த இரண்டிலும் ஒரு குறையும் இருந்திருக்காது என்பது என் இப்போதைய எண்ணம்.

டிடிஆர்5 என்ற ரேம் வகையில் பொறுமையும் தேவை. முதன்முறை இயக்கும்போது ரேமுக்கு ஏற்ற அளவுகளைக் கணினி தானே சோதித்து அமைத்துக்கொள்வதால், திரை பல நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். பதற்றத்தில் இடையே அணைத்தால் அந்த வேலை மீண்டும் தொடக்கத்திலிருந்துதான் நடக்கும்.

அதன் பிறகும் திரையில் எதுவும் வராவிட்டால், மின்னிணைப்பைத் துண்டித்து, ஒரே ஒரு ரேமை மட்டும் மதர்போர்டின் கையேடு சொல்லும் ஸ்லாட்டில் (ரேம் பொருத்தும் இடத்தில்), பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவதில், 'கிளிக்' என்று கேட்கும்வரை அழுத்திப் பொருத்த வேண்டும். (பாதி அழுந்திய ரேமைப் பழுதென்று நினைத்தவர்கள் ஏராளம்.) பிறகு அதே ஸ்லாட்டில் அடுத்த ரேமையும், முதல் ரேமை வேறொரு ஸ்லாட்டிலும் வைத்துப் பார்க்கலாம். எந்த ஸ்லாட்டுக்கு மாற்றினாலும் ஒரே ரேமில்தான் கோளாறு வருகிறது என்றால் அந்த ரேமைச் சந்தேகிக்கலாம். எந்த ரேமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில்தான் வருகிறது என்றால் மதர்போர்டையோ சாக்கெட்டையோ பார்க்க வேண்டும்.

ரேமை இயல்பைவிட அதிக வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்கிய பிறகே கணினி நின்றதென்றால், பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளை அழித்து இயல்பான வேகத்தில் இயக்கிப் பார்ப்பது நல்லது. கணினி இயங்கத் தொடங்கியதும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை ஓர் இரவு முழுவதும் ஓடவிட வேண்டும். அதில் ஒரு பிழை வந்தாலும் அலட்சியம் கூடாது.

ரேமை மாற்றச் சொல்லும் முன் செய்ய வேண்டிய இந்தச் சோதனைகளையும் தங்கள் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்