டி.சி. வரும்வரை பிள்ளையை வீட்டில் உட்காரவைக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசுப் பள்ளிகளில் மாணவர் சேர்க்கைப் பணி இப்போதெல்லாம் மார்ச் மாதமே தொடங்கிவிடுகிறது. ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசுகிறார்கள். ஊர் மந்தையில் தட்டி கட்டுகிறார்கள். முதல் வகுப்பில் சேரும் குழந்தையை மாலை அணிவித்து வரவேற்கிறார்கள். இவ்வளவும் செய்கிற அதே பள்ளிகள் சிலவற்றில், வேறு பள்ளியிலிருந்து மாறி வரும் நான்காம் வகுப்புப் பிள்ளையையோ ஏழாம் வகுப்புப் பிள்ளையையோ, “டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வாங்கி வாருங்கள், பிறகு பார்க்கலாம்” என்று வாசலிலேயே திருப்பி அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இது சட்டத்துக்கு நேர்மாறானது என்பதைப் பெற்றோரும் அறிய வேண்டும், பள்ளி அலுவலகங்களும் நினைவில் கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

செட்டிநாட்டுப் பகுதியில் இந்தச் சிக்கல் கூடுதலாகவே உண்டு. வெளியூரில் வாழும் நகரத்தார் குடும்பங்களின் பெரிய வீடுகளைக் காவல் காத்து, பெருக்கித் துடைத்து, திருமணத்துக்கும் முன்னோர் வழிபாடான படைப்புக்கும் அவர்கள் வரும்போது திறந்துவிடும் குடும்பங்கள், வீடு மாறினால் ஊரும் மாறுகின்றன. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைச் செய்யும் பட்டறைகளில் வேலை செய்வோர், கல்யாணச் சமையலுக்குப் போவோர், கொத்தனார்கள், திருப்பூருக்குப் போய்விட்டுத் திரும்புவோர் எனப் பலரும் ஜூன் மாதத்துக்காகக் காத்திருந்து இடம்பெயர்வதில்லை. வேலை கிடைத்த மாதம் எதுவோ அந்த மாதமே பெட்டி படுக்கையுடன் கிளம்புகிறார்கள். போதாதற்குச் செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. அரிமளத்திலிருந்தோ பொன்னமராவதியிலிருந்தோ காரைக்குடிக்குக் குடிவருவது உள்ளூர்க்காரருக்குப் பக்கத்து ஊருக்குப் போவதுதான். ஆனால் பள்ளி ஆவணத்தில் அது மாவட்டம் விட்டு மாவட்டம் மாறுவது. வட்டாரக் கல்வி அலுவலர் முதல் முதன்மைக் கல்வி அலுவலர் வரை அத்தனை பேரும் மாறிவிடுகிறார்கள்.

குழந்தைகளின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது அது. அதன் 5-ஆம் பிரிவைப் பெற்றோர் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நல்லது. படிக்கும் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை வசதி இல்லை என்றால், வேறு பள்ளிக்கு மாறிப் படிப்பை முடிக்கக் குழந்தைக்கு உரிமை உண்டு. ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகள் அனைவருக்கும் இது பொருந்தும். அது மட்டுமன்று; எந்தக் காரணத்துக்காக மாற வேண்டியிருந்தாலும், மாநிலத்துக்குள்ளேயானாலும் வெளியிலிருந்தானாலும், அந்த உரிமை உண்டு. பழைய பள்ளியின் தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும். சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதைக் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ புதிய பள்ளிக்கு அதிகாரம் இல்லை. வேண்டுமென்றே தாமதிக்கும் தலைமையாசிரியர் மீது துறை நடவடிக்கை எடுக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

இதனோடு 14, 15 ஆகிய பிரிவுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வயதுச் சான்று இல்லை என்பதற்காகக் குழந்தைக்குச் சேர்க்கை மறுக்கக் கூடாது. சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்பதற்காகவும் மறுக்கக் கூடாது. நவம்பரில் வந்து நின்றாலும் பிள்ளையைச் சேர்த்தாக வேண்டும் என்பதே இதன் பொருள்.

நடப்பது என்ன என்பதற்கு நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஆத்தங்குடிக் கல் வேலைக்காகக் கணவர் முன்னதாகவே வந்துவிட, பின்னால் பிள்ளையோடு வந்து சேர்ந்த ஒரு தாய், புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மாற்றுச் சான்றிதழ் கேட்டிருக்கிறார். “எந்தப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்கள் என்று அங்கிருந்து எழுதி வாங்கி வாருங்கள்” என்று சொல்லிவிட்டார்கள். இங்கே வந்து கேட்டால், “முதலில் டி.சி. வரட்டும், எழுதித் தருவதெல்லாம் பிறகு” என்றார்கள். ஆதார், குடும்ப அட்டை, சாதிச் சான்று எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு இரண்டு ஊருக்கும் அவர் அலைந்தார். கூலி வேலை செய்யும் குடும்பத்தில் ஒரு நடை என்பது ஒரு நாள் சம்பளம். அத்தனை நாளும் நான்காம் வகுப்புச் சிறுமி பட்டறை ஓரத்தில், வெயிலில் காயவைத்த கற்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “சார், இவ படிப்பையே மறந்துருவா போலிருக்கே” என்று அந்தத் தாய் என்னிடம் சொன்னபோதுதான் நான் அவருடன் பள்ளிக்குப் போனேன்.

அங்கே தெரிந்த உண்மை வேறு. காகிதச் சான்றிதழைவிடப் பெரிய தடை கணினியில் இருந்தது. எமிஸ் எனப்படும் கல்வித் துறையின் இணையத் தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் உண்டு. பழைய பள்ளி அந்தப் பெயரை விடுவித்துப் பொதுத் தொகுப்புக்கு, அதாவது ஆசிரியர்கள் ‘காமன் பூல்’ என்று சொல்லும் இடத்துக்கு, அனுப்பினால்தான் புதிய பள்ளி அதை எடுத்துத் தன் பட்டியலில் சேர்க்க முடியும். விடுவிக்காத வரை, வகுப்பில் பிள்ளை உட்கார்ந்திருந்தாலும் வருகைப் பதிவில் பெயர் வராது. பாடநூல், சீருடை, நலத்திட்டங்கள் எல்லாம் அந்தப் பதிவை ஒட்டியே வருவதால் அவையும் தள்ளிப்போகும். அதனால்தான் தலைமையாசிரியர்கள் தயங்குகிறார்கள். அவர்களுடைய தயக்கம் எனக்குப் புரிகிறது. நானும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன்தான். ஆனால் தளத்தில் ஒரு பொத்தானை அழுத்தவேண்டியது பழைய பள்ளியின் வேலை. அதற்கான தண்டனையைக் குழந்தை ஏன் அனுபவிக்க வேண்டும்? அலுவலகத்துக்கும் அலுவலகத்துக்கும் நடக்க வேண்டிய வேலையைப் படிப்பறிவு குறைந்த ஒரு தாயின் தலையில் கட்டுவது முறையா? அன்று இரு தலைமையாசிரியர்களும் தொலைபேசியில் பேசிக்கொண்டவுடன் அந்தப் பெயர் விடுவிக்கப்பட்டது. முதல் நாளே அவர்கள் பேசியிருக்கலாம்.

தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாற விரும்பும் பெற்றோரின் நிலை இன்னும் கடினம். கட்டண பாக்கியைக் காரணம் காட்டி மாற்றுச் சான்றிதழை நிறுத்திவைக்கும் பழக்கம் கொரோனா காலத்தில் வெளிப்படையாகத் தெரிந்தது. இன்றும் அது அடியோடு மறையவில்லை. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது. சேர்க்கைக்கு மாற்றுச் சான்றிதழைக் கட்டாயப்படுத்தக் கூடாது, சான்றிதழில் கட்டண பாக்கி பற்றிக் குறிப்பு எழுதக் கூடாது என்று சொன்னது. பாக்கியை வசூலிக்க நிர்வாகத்துக்குச் சட்ட வழி இருக்கிறது. பிள்ளையின் சான்றிதழ் அடகுப் பொருள் அன்று.

இங்கே பெற்றோர் பலரும் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கு 2021-இல் வந்தது. இதற்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 விழுக்காட்டு இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வருவோருக்கு மட்டும் விலக்கு உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தால் இந்த ஒதுக்கீடு கிடையாது. ஆகவே ஐந்தாம் வகுப்பு முடிந்தவுடன் மாறுவதா, “ஒரு வருடம் போகட்டும்” என்று ஏழாம் வகுப்பில் மாறுவதா என்பது சிறிய வேறுபாடு அன்று. அந்த ஒரு வருடத்தில் கைவிட்டுப் போவதை, பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போதுதான் பலர் உணர்கிறார்கள். அந்த ஆறாம் வகுப்புச் சேர்க்கையைச் சான்றிதழ் காட்டித் தாமதப்படுத்தும் எந்தப் பள்ளியும், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு பிள்ளையின் எதிர்காலத்தில் கைவைக்கிறது.

உரிமைக்கு எல்லைகளும் உண்டு. அவற்றையும் சொல்லிவிடுவதே நேர்மை. 5-ஆம் பிரிவின் மாறும் உரிமை அரசு, உள்ளாட்சி, உதவி பெறும் பள்ளிகளுக்குத்தான். தனியார் சுயநிதிப் பள்ளியிலோ கேந்திரிய வித்யாலயாவிலோ இதைக் காட்டி இடம் கேட்க முடியாது. எட்டாம் வகுப்புக்கு மேல் இந்தச் சட்டம் நேரடியாகத் துணை நிற்காது. பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளில் பொதுத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் போன பிறகு மாறுவது பெரும் சிரமம் என்பதால், அந்த இரண்டு ஆண்டுகளில் மாற நினைப்போர் பள்ளி திறந்தவுடன் மாறிவிடுவதே நல்லது.

“இடம் இல்லை” என்ற பதிலைப் பற்றியும் ஒரு சொல். காரைக்குடி நகரத்தில் பெயர் பெற்ற ஓரிரு அரசு உதவி பெறும் பள்ளிகளில் வகுப்பறை நிரம்பி வழிவதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேறெங்கும் வழி காட்டாமல் அந்த ஒற்றைச் சொல்லோடு அனுப்புவது தவறு. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், நடுநிலைப் படிப்பு மூன்று கிலோமீட்டருக்குள்ளும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. எந்தப் பள்ளியில் இடம் இருக்கிறது என்பது எமிஸ் தளத்தைப் பார்க்கும் அலுவலருக்கு ஒரு நொடியில் தெரியும்.

பெற்றோரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வேலை, இருப்பிடம், பிள்ளையின் பாதுகாப்பு, ஆங்கில வழி வகுப்பு, ஆசிரியர் பற்றாக்குறை என்று மாறுவதற்கு நல்ல காரணங்கள் பல உண்டு. ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை வேனில் போகிறது என்பதற்காக மட்டும் ஊர்ப் பள்ளியை விட்டுப் போகாதீர்கள். அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்பது சட்டம் சொல்லும் கணக்கு. பத்துப் பிள்ளைகள் போய்விட்டால் அந்தப் பள்ளியின் நிலையே ஆட்டம் காணும். அப்போது வண்டி வைத்துப் போக முடியாத ஏழைப் பிள்ளைதான் மிஞ்சும். கழிப்பறையோ ஆசிரியரோ குறை என்றால், முதலில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுதிக் கொடுங்கள். அந்தக் குழுவின் தலைவரே ஒரு பெற்றோர்தான். அதன் பிறகும் சரியாகவில்லை என்றால் மாறுவது உங்கள் உரிமை. யாரும் குறை சொல்ல முடியாது.

சேர்க்கை மறுக்கப்பட்டால் வாய்ப்பேச்சோடு திரும்பிவிடாமல், விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மறுப்பவர் பெரும்பாலும் அந்தக் கையெழுத்துக் கேட்கும்போதே இறங்கி வருவார். அதற்கு மேல் தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலரிடமும், உயர்நிலை, மேல்நிலை என்றால் மாவட்டக் கல்வி அலுவலரிடமும் போகலாம். கல்வித் துறையின் 14417 என்ற எண்ணையும் அழைக்கலாம். சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மேல்முறையீடு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்குச் செல்லும். ஆனால் மூன்று மாதம் என்பது ஒரு பருவமே கடந்துபோகும் காலம். அதனால்தான் தீர்வு பள்ளி வாசலிலேயே கிடைக்க வேண்டும் என்கிறேன்.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்களை உங்கள் நாளிதழ் வழியாக நான் கேட்டுக்கொள்வது இதுதான். மாற்றம் கேட்ட மூன்று வேலை நாளுக்குள் எமிஸ் தளத்தில் பெயரை விடுவிக்க வேண்டும். விடுவிக்காவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலரே விடுவிக்கலாம் என்று இரு மாவட்டங்களும் ஒரே சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். சான்றிதழ் கேட்டுப் பெறும் பொறுப்பைப் பெற்றோரிடமிருந்து எடுத்துப் புதிய பள்ளியின் தலைமையாசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். “மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பதற்காக இங்கே சேர்க்கை மறுக்கப்படாது” என்ற வாசகம், காலை உணவுத் திட்டப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே, தமிழில் பெரிய எழுத்தில் ஒவ்வொரு பள்ளிச் சுவரிலும் இருக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. வரும் ஜூனில் பள்ளி திறப்பதற்குள் செய்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்,
காரைக்குடி.